டைனோசர் பொம்மைக்கும் காலாவதி தேதி இருக்கு! அறிவியல்படி 'சரியான' மாடல்களைச் சேகரிப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

வீட்டில் டைனோசர் பொம்மை இருந்தால் ஒரு நிமிஷம் எடுத்துத் திருப்பிப் பாருங்க. பெயர் சொல்லும் நிறுவனத்தின் தயாரிப்பு என்றால், பெரும்பாலும் வயிற்றுப் பக்கத்திலோ உள்ளங்காலிலோ சின்ன எழுத்தில் விலங்கின் பெயரும் ஓர் ஆண்டும் இருக்கும். குழந்தைகள் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் டைனோசர் மாடல்களைச் சேகரிக்கும் பெரியவர்களுக்கு அந்த ஆண்டு ரொம்ப முக்கியம்.

ஏன்? அந்த விலங்கைப் பற்றி அந்த ஆண்டு வரை அறிவியலுக்குத் தெரிந்ததைத்தான் அந்தப் பொம்மையில் பார்க்க முடியும். அடுத்த ஆண்டே ஓர் ஆய்வு வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். மாற்றியும் இருக்கிறது. கடைசியாகப் பெரிய அளவில் நடந்தது 2025 அக்டோபரில்.

அக்டோபரில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் வட கரோலினா இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு புகழ்பெற்ற புதைபடிவம் இருக்கிறது. ஒரு டிரைசெராடாப்ஸும் ஒரு சிறிய டைரனோசாரும் அருகருகே புதைந்து கிடந்த படிவம் அது. 'சண்டை போடும் டைனோசர்கள்' என்று அதற்குப் பட்டப்பெயர்.

அதில் உள்ள சிறிய டைரனோசார், டி.ரெக்ஸின் குட்டியா அல்லது தனி இனமா? பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இதற்காக மல்லுக்கட்டி வந்தார்கள். லிண்ட்சே ஜானோ, ஜேம்ஸ் நபோலி இருவரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒரு தெளிவான பதிலைச் சொன்னது. எலும்பில் உள்ள வளர்ச்சி வளையங்களை எண்ணிப் பார்த்தால், அது ஏறக்குறைய 20 வயதான, வளர்ந்து முடிந்த விலங்கு. அதன் கைகள் டி.ரெக்ஸின் கைகளைவிடப் பெரியவை. வால் எலும்புகளின் எண்ணிக்கையும் வேறு. ஆக, அது குட்டி டி.ரெக்ஸ் கிடையாது. நானோடைரனஸ் என்ற தனி இனம்.

அதோடு முடியவில்லை. அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகர அருங்காட்சியகத்தில் 'ஜேன்' என்ற எலும்புக்கூடு இருக்கிறது. டி.ரெக்ஸின் இளம் வயது எப்படி இருக்கும் என்பதற்கு ஓவியர்களும் சிற்பிகளும் பல ஆண்டுகள் பார்த்து வரைந்தது இதைத்தான். இந்த ஆய்வு ஜேனையும் நானோடைரனஸ் பக்கம் தள்ளிவிட்டது.

அதாவது, ஜேனைப் பார்த்துச் செய்த 'குட்டி டி.ரெக்ஸ்' மாடல் யாருடைய அலமாரியில் இருந்தாலும், ஒரே ஆய்வில் அதன் பெயர்ப்பலகை கேள்விக்குறி ஆகிவிட்டது. அது அதே பொம்மைதான், அதே பெயின்ட்தான். மாறியது விலங்கின் பெயர் மட்டும்!

சரி, இதைச் சேகரிப்பவர்கள் யார்?

பெரும்பாலும் பெரியவர்கள். ஸ்டாம்பு, நாணயம் சேகரிப்பதைப் போல இவர்கள் அருங்காட்சியகத் தரத்துக்கு நெருக்கமான டைனோசர் மாடல்களைத் தேடி வாங்குகிறார்கள்.

இதன் தொடக்கம் அருங்காட்சியகங்களோடு பின்னியது. 1970களில் பிரிட்டனின் இன்விக்டா நிறுவனம் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ஒற்றை நிற பிளாஸ்டிக் டைனோசர்களைச் செய்தது. 1988-ல் அமெரிக்காவின் சஃபாரி நிறுவனம், பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னெகி அருங்காட்சியகத்துடன் சேர்ந்து 'கார்னெகி கலெக்‌ஷன்' வரிசையைத் தொடங்கியது. 2015-ல் அது நிறுத்தப்பட்டது. இன்று பழைய கார்னெகி மாடல்களைத் தேடி அலைகிறவர்கள் பலர்.

இப்போது களத்தில் சஃபாரியுடன் கலெக்டா, ஸ்பெயினின் ஈயோஃபானா, சீனாவின் பி.என்.எஸ்.ஓ., ஹாவ்லாங்குட் எனப் பல பெயர்கள். எல்லா இடத்திலும் கிடைக்கும் ஜெர்மனியின் ஷ்லைக், பிரான்சின் பாப்போ ஆகியவையும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் பல மாடல்கள் அறிவியலைவிட சினிமாவுக்கு நெருக்கமானவை என்பது சேகரிப்பாளர்களின் பழைய புகார்.

'சரியானது' என்றால் என்ன?

மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எலும்பு, தோல், நிறம்.

எலும்பு விஷயத்தில் சமாளிக்க இடமில்லை. டி.ரெக்ஸுக்கு கையில் இரண்டு விரல்தான். மூன்று விரல் இருந்தால் அது தப்பு, அவ்வளவுதான்.

அடுத்தது தோல். இங்கே சான்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். 1996-ல் சீனாவில் சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசர் இறகு போன்ற மெல்லிய இழைகளோடு வெளிவந்தபோது, 'டைனோசர் என்றால் பல்லி மாதிரி' என்ற படமே உடைந்தது. 2012-ல் ஏறக்குறைய 9 மீட்டர் நீள யூடைரனஸ் வந்தது. டி.ரெக்ஸின் உறவுக்காரரான அதற்கும் இறகு இருந்தது. 'அப்போ டி.ரெக்ஸுக்கும் இறகு இருந்திருக்குமோ?' என்று எல்லோரும் யோசித்தார்கள்.

அந்த யோசனையில் சஃபாரி நிறுவனம் இறகு வைத்த டி.ரெக்ஸ் மாடலை 2017-ல் கொண்டுவந்தது. அதே 2017-ல் டி.ரெக்ஸின் கழுத்து, இடுப்பு, வால் பகுதிகளில் கிடைத்த தோல் தடங்களை ஆராய்ந்த கட்டுரை வெளியானது. அந்த இடங்களில் இருந்தது செதில்! சேகரிப்பாளர்கள் அந்த மாடலைத் தூக்கிப் போடவில்லை. 2017-ன் விவாதம் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

2023-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, டி.ரெக்ஸின் பற்கள் முதலை மாதிரி வெளியே தெரிந்திருக்காது, உடும்பு போல உதடு மூடியிருக்கும் என்று வாதிட்டது. வாயை மூடினாலும் பல் நீட்டிக்கொண்டிருக்கும் மாடல்கள் அதிலிருந்து பழையதாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன.

நிறம் எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியாது. அதனால் பச்சை டி.ரெக்ஸைப் பார்த்து 'கலர் தப்பு' என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் சில விலங்குகளுக்குத் தெரியும். இறகிலும் தோலிலும் நிறத்தை உண்டாக்கும் மெலனோசோம் என்ற நுண்ணிய பைகள் சில படிவங்களில் அப்படியே தங்கியிருக்கின்றன. அவற்றின் வடிவத்தை வைத்து 2010-ல் சைனோசாரோப்டெரிக்ஸின் வால், செம்பழுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். அந்த விலங்கின் மாடலை இன்று நீல நிறத்தில் செய்தால் அது தப்பு.

இன்னொரு சுவையான கதையும் உண்டு. சிட்டகோசாரஸ் என்ற சிறிய டைனோசரின் தோல் நிறம் 2016-ல் வெளியானது. அதன் அடிவயிறு வெளிர் நிறம், முதுகு அடர் நிறம். இதற்காக பாப் நிக்கோல்ஸ் என்ற கலைஞர் உண்மை அளவில் ஒரு மாடல் செய்தார். அதன் அச்சு ஒன்றுக்குச் சாம்பல் நிறம் பூசி, வெட்டவெளியிலும் மரநிழலிலும் வைத்துப் படம் பிடித்து நிழல் விழும் விதத்தை ஒப்பிட்டார்கள். அது அடர்ந்த மரங்களுக்கு நடுவே வாழ்ந்த விலங்காக இருக்க வேண்டும் என்ற முடிவு அதிலிருந்து கிடைத்தது. அறிவியலைப் பார்த்து மாடல் செய்வது வழக்கம். இங்கே மாடலே அறிவியலுக்கு உதவியிருக்கிறது.

ஒரே விலங்கு, பல உருவம்

இந்தப் பொழுதுபோக்கை ஒரே அலமாரியில் புரிந்துகொள்ள வேண்டுமா? ஸ்பைனோசாரஸ் மாடல்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால் போதும்.

• முதுகில் பாய்மரம் வைத்த டி.ரெக்ஸ் போல, நிமிர்ந்து நிற்கும் பழைய மாடல்.

• 2001-ல் வெளியான 'ஜுராசிக் பார்க் 3' படத்துக்குப் பிறகு வந்த, நீண்ட மூக்கும் உயரமான கால்களும் கொண்ட மாடல்.

• 2014-ல் நிசார் இப்ராஹிம் குழு மொராக்கோ எலும்புகளை வைத்து வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு வந்த, குட்டையான பின்னங்கால் கொண்ட மாடல்.

• 2020-ல் துடுப்பு போன்ற அகலமான வால் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வந்த மாடல்.

இது நீருக்குள் மூழ்கி வேட்டையாடியதா, கரையோரம் நின்று மீன் பிடித்ததா என்ற சண்டை 2022-லும் தொடர்ந்தது. ஆகவே, அலமாரியில் அடுத்ததுக்கும் இடம் விட்டு வைப்பது நல்லது!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்பைனோசாரஸின் முதல் எலும்புகள் இப்போது இல்லை. எகிப்தில் கிடைத்த அவற்றை ஜெர்மானிய ஆய்வாளர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915-ல் உலகுக்கு அறிவித்தார். 1944 ஏப்ரலில் மியூனிக் நகரில் விழுந்த குண்டுகளில் அவை அழிந்தன. ஆனால் ஸ்ட்ரோமர் அளவெடுத்து வரைந்த படங்களும் குறிப்புகளும் தப்பித்தன. அவை இருந்ததால்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு மொராக்கோவில் கிடைத்த எலும்புகளை 'இதுதான் அது' என்று ஒப்பிட முடிந்தது. இதை மனசில் வையுங்க, நம்ம ஊர்க் கதைக்கு இது தேவைப்படும்.

சினிமா செய்த வேலை

பலருக்கும் டைனோசர் அறிமுகமானது 1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில். அதில் ஆள் உயரத்துக்கு வந்து கதவைத் திறக்கும் வெலாசிராப்டர் நினைவிருக்கிறதா? உண்மையான வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான். நீளம் வாலோடு சேர்த்து சுமார் 2 மீட்டர். 2007-ல் அதன் முன்னங்கை எலும்பில் இறகு பொருந்தும் முடிச்சுகளைக் கண்டுபிடித்தார்கள். ஆக, அதற்கு இறக்கையே இருந்தது.

ஆனால் கடையில் இன்றும் அதிகம் தென்படுவது மொட்டைத் தோல் ராப்டர்தான். காரணம் எளிது: குழந்தை படத்தில் பார்த்ததைத்தான் கேட்கும். சரியான மாடலைக் கையில் கொடுத்தால் 'இது கோழி மாதிரி இருக்கு' என்று முகம் சுளிக்கவும் செய்யும். கோழியும் டைனோசர் வம்சம்தான் என்று சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் உண்டா?

நிற்க வைப்பதே பெரிய பாடு

அறிவியல் சரியாக இருந்தாலும் பிளாஸ்டிக்குக்கு வேறு சட்டம். இரண்டு காலில் நடக்கும் டைனோசர் வாலைத் தரையில் ஊன்றாது. உடலும் வாலும் தரைக்கு இணையாக, தராசு மாதிரி சமநிலையில் இருக்கும். ஆனால் அப்படிச் செய்த ரப்பர் போன்ற மாடல் வெயில் காலத்தில் கால் வளைந்து கவிழ்ந்துவிடும்.

அதனால் பழைய மாடல்களில் வாலை மூன்றாவது காலாக ஊன்றினார்கள். கார்னெகி வரிசையிலேயே அப்படிப்பட்டவை உண்டு. சில நிறுவனங்கள் பாதத்தைப் பெரிதாக்கின. இப்போது சிலர் கண்ணாடி போன்ற ஒரு தாங்குகுச்சியைக் கூடவே தருகிறார்கள். பாதம் பெரிதாக இருந்தால் அது பெரும்பாலும் அறியாமையால் வந்த பிழை இல்லை, நிற்க வைக்கச் செய்த சமரசம்.

அளவிலும் சிக்கல் வரும். 1:40 என்ற விகிதத்தில் 12 மீட்டர் டி.ரெக்ஸ் 30 சென்டிமீட்டர் வரும். அதே விகிதத்தில் வெலாசிராப்டர் வெறும் 5 சென்டிமீட்டர். இரண்டையும் ஒரே உயரத்தில் ஒரே பெட்டியில் போட்டு விற்றால், அங்கேயே அறிவியல் போய்விட்டது.

இந்தியாவில் ஏன் எளிதாகக் கிடைப்பதில்லை?

இந்த மாடல்களில் கிட்டத்தட்ட எல்லாமே இறக்குமதி. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தியது. 2023-ல் அது 70 சதவீதம் ஆனது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டுத் தொழிற்சாலையும் அதற்கான உரிமம் வாங்கியாக வேண்டும்.

உள்ளூர் உற்பத்தியை வளர்ப்பதும், தரமற்ற பொம்மைகளைத் தடுப்பதும் இதன் நோக்கம். நியாயமானதுதான். ஆனால் சிறிய எண்ணிக்கையில் விற்கும் ஒரு சேகரிப்பு மாடலுக்காக இவ்வளவு செலவு செய்ய எந்த நிறுவனம் முன்வரும்? வரி குறைந்தால்தான் வழி என்பதில்லை. இங்கேயே செய்யலாம். செய்ய நம்மிடம் டைனோசர்கள் இல்லையா என்ன?

நம்ம நாட்டு டைனோசர்கள்

குஜராத்தின் ரையோலியில் 1980களில் எடுத்த எலும்புகளை வைத்து 2003-ல் ராஜாசாரஸ் அறிவிக்கப்பட்டது. 'நர்மதையின் அரச பல்லி' என்று பொருள். கலெக்டா நிறுவனம் இதன் மாடலையும் வெளியிட்டிருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பாராபாசாரஸ் தாகோரை என்ற பிரம்மாண்ட எலும்புக்கூடு நிற்கிறது. பெயரில் இருப்பது தாகூர்.

தமிழ்நாட்டுக்கும் ஒன்று உண்டு. அரியலூர் பக்கம் கல்லமேடு. அங்கே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் கண்ட எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். 'பெரிய உடல் கொண்ட பல்லி' என்று பொருள். காலின் ஒரு எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! முதலில் இதை மாமிச உண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்ற முடிவு வந்தது. 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு, இதன் எடை 110 டன்னுக்கு மேல் இருந்திருக்கலாம் என்றது. அப்படியென்றால், தரையில் நடந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்று நம்ம அரியலூரில் நடந்திருக்கிறது. அந்த மதிப்பீட்டைச் செய்த இருவரில் ஒருவரான ஆசியர் லாரமெண்டி, மாடல்கள் செய்யும் அதே ஈயோஃபானா குழுவைச் சேர்ந்தவர்.

அப்போ இதன் மாடலை அறிவியல்படி செய்துவிடலாமே?

முடியாது. அந்த எலும்புகள் இப்போது இல்லை. ஈரத்தில் ஊறி உதிர்ந்து போயின. மிச்சம் இருப்பவை சில படங்களும் அளவுகளும்தான். மியூனிக்கில் ஸ்ட்ரோமர் விட்டுச்சென்ற அளவுக்கு விரிவான பதிவு இங்கே இல்லை. அதனால் உலக சாதனையாளர் பட்டியலில் இதன் பெயர் வரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் சேர்ந்தே வருகிறது. யாராவது புருஹத்காயோசாரஸ் என்று பெயர் போட்டு மாடல் விற்றால், அதில் பெரும்பகுதி உறவினர்களைப் பார்த்துச் செய்த ஊகமாகத்தான் இருக்கும்.

எலும்பு யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி

இங்கேதான் பொம்மை விஷயம் பெரிய விஷயமாக மாறுகிறது. மாடல் சரியாக இருக்க ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு எலும்பு வேண்டும். அந்த எலும்பு பொது அருங்காட்சியகத்தில், யார் வேண்டுமானாலும் மறுபடி அளந்து பார்க்கும்படி இருக்க வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? 2024 ஜூலையில் 'ஏபெக்ஸ்' என்ற ஸ்டெகோசாரஸ் எலும்புக்கூடு நியூயார்க் ஏலத்தில் 4 கோடியே 46 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் அதை அருங்காட்சியகத்துக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் அப்படிக் கொடுப்பதில்லை. 2025-ல் தாமஸ் கார் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, அறிவியலுக்குப் பயன்படக்கூடிய டி.ரெக்ஸ் படிவங்களில் 61 பொது அமைப்புகளிடமும் 71 தனியாரிடமும் இருப்பதாகத் தெரிந்தது.

தொடக்கத்தில் சொன்ன 'சண்டை போடும் டைனோசர்கள்' படிவத்தையே எடுத்துக்கொள்ளுங்க. அது மொன்டானா மாநிலத்தில் ஒரு தனியார் நிலத்தில் கண்டெடுக்கப்பட்டது 2006-ல். 2013-ல் ஏலத்துக்கு வந்தது, விற்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு வந்தது 2020-ல். ஆய்வு வெளிவந்தது 2025-ல். நானோடைரனஸ் கேள்விக்கான முக்கியமான பதில் 14 ஆண்டுகள் வாங்குபவருக்காகக் காத்துக்கிடந்தது.

வாங்கும்போது எதைப் பார்க்கலாம்?

• வால் தரையில் இழுபடக் கூடாது.

• மாமிச உண்ணிகளின் உள்ளங்கை ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும், கைதட்டப் போவது போல. முயல் மாதிரி கீழே தொங்கினால் பழைய பாணி.

• ராப்டர் என்றால் கையில் இறக்கை வேண்டும்.

• நீண்ட கழுத்து டைனோசரின் முன்னங்காலில் யானை மாதிரி வரிசை நகம் இருக்கக் கூடாது.

• மண்டை ஓட்டின் ஓட்டைகள் தோலுக்கு வெளியே பள்ளமாகத் தெரிந்தால் சிற்பி சதையை மறந்துவிட்டார் என்று அர்த்தம்.

• பெட்டியில் டெரனோடான், டைமெட்ரோடான் இருந்தால், அவை டைனோசர்களே இல்லை. டைமெட்ரோடான் நம்மைப் போன்ற பாலூட்டிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

• கடைசியாக, அடியில் உள்ள ஆண்டு.

பழைய மாடலைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-ல் திறந்த டைனோசர் சிலைகள் இன்றும் நிற்கின்றன. அங்கே இகுவானோடானுக்கு மூக்கின் மேல் கொம்பு இருக்கும். 1878-ல் பெல்ஜியம் நாட்டுச் சுரங்கம் ஒன்றில் இகுவானோடான் எலும்புக்கூடுகள் கூட்டமாகக் கிடைத்த பிறகுதான், அது கொம்பு கிடையாது, கட்டைவிரல் என்று உறுதியானது. யாரும் சிலையை இடிக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

வீட்டிலும் அதையே செய்யலாம். பழைய டி.ரெக்ஸ் பக்கத்தில் புதியதை நிறுத்தி, இரண்டுக்கும் கீழே ஆண்டை எழுதி ஒட்டுங்க. 'ஏம்மா இது ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கு?' என்று குழந்தை கேட்கும். அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல ஆரம்பித்தால், அரியலூர் வரைக்கும் போகலாம்.